உன் காரில் உப்பு விளைந்த கதை

என் கோபக்கார அக்காவுக்கு,

உன் கார் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

நீ காய்ச்சலில் போன பிறகு அது வேப்பமரத்தடியிலேயே நின்றது. யாரும் ஏறவில்லை. நீ வேலைக்குப் போய்வந்த காலத்தில் மாதாமாதம் புதுச்சேரியில் வாட்டர் வாஷ் போட்டுக்கொண்டு வருவாய். எனக்கு அது அழகுக்கு என்ற நினைப்பு.

மரக்காணத்தில் காற்றே உப்பு. ஐப்பசி மழையில் அது ஊறி, இரும்பைத் தின்னத் தொடங்கும். பனி கொட்டும் நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்பு போடுவார்களாம். குளிர்காலம் முழுக்க அங்கே கார்களுக்கு இதே பாடு. இங்கே யாரும் போட வேண்டியதில்லை.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "டேய், அடியில ஒரு ஓட்டை இருந்தாலும் காயலாங்கடைக்குத்தான். சும்மா நிக்கவெச்சிப் பாத்துனு இருக்க முடியாது."

அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. அதுதான் விஷயம். உனக்குப் புரியும்.

ஆயுத பூஜை வந்தது. தெருவே வண்டி கழுவியது. நாங்களும். போர் மோட்டாரைப் போட்டு அப்பா ஹோஸ் பிடித்தார். நான் அடியில் படுத்துத் தேய்த்தேன். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மின்னியது.

மறுநாள் வெயிலில் கார் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அம்மா வந்து நின்றாள். "ஏங்க, உப்பளத்துல செய்யறது பத்தலியா? ஊட்டு வாசல்லயே பாத்தி கட்டி வெளைய வெச்சிட்டீங்க!"

அப்பா ஆயுசு முழுக்க உப்பு வாரியவர். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும் என்று தெரிந்தவர். "பூஜை அவசரத்துல தோணலடி" என்றார்.

அம்மா சிரித்தாள். அக்கா, அம்மா சிரித்தாள். நீ போன பிறகு முதல் தடவை. படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அப்பா முறைத்தார். அப்புறம் அவரும்.

முதல் மழையில் மாடித் தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்தோம். பம்பு வைத்து அடிப்பக்கம், சக்கரங்களின் உள்பக்கம் எல்லாம் அடித்துக் கழுவினோம். கதவுகளுக்குக் கீழே தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கின்றன. தெரியுமா உனக்கு? அடைத்திருந்த மண்ணை அம்மா துடைப்பக்குச்சியால் எடுத்தாள். பேட்டரி முனைகளுக்கு நான் கிரீஸ் தடவினேன். வைப்பர் ரப்பர் புதுசு.

காய்ந்ததும் மெக்கானிக் செல்வத்திடம் போனோம், அடியில் துருப் பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடிக்க. அதற்கு முன் அவர் ஸ்குரூடிரைவரால் தட்டிக்கொண்டே வந்தார். டக். டக். நீ கால் வைக்கும் இடத்தில் சத்தம் மாறியது. ஸ்குரூடிரைவர் உள்ளே போய்விட்டது.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

"ஓட்டைங்க" என்றார் செல்வம்.

அப்பா குனிந்தார். நிமிர நேரமானது. "இன்னா ஓட்டை? தண்ணி வடியறதுக்குக் கம்பெனிக்காரன் வெச்சிருப்பான்."

"ஐயா, கட்டைவெரலே போவுது."

"போவட்டும்பா. தகடு வெச்சி வெல்டிங் அடி. பேசாத."

திரும்பும்போது அவரே ஓட்டினார். போன ஞாயிறு, கொட்டும் மழையில், அம்மாவை இரும்பை கிராமத்துக் கோயிலுக்கும் கூட்டிப்போனார். வழியெல்லாம் சண்டையாம். பிரேக்கை அமுக்கச் சொன்ன இடத்தில் அமுக்கவில்லையாம். நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

மாதாமாதம் நான் அடியில் படுப்பேன் அக்கா. மழைத் தண்ணீர் தீர்ந்தால் கேனில் வாங்கியாவது கழுவுவேன். உன் காய்ச்சலை எங்களால் நிறுத்த முடியவில்லை. துருவை முடியும்.

பின் சீட்டில் தூங்கியே வளர்ந்த
உன் தம்பி