நிகோராவுக்கு விட்ட இடம்

1994 பெப்ரவரி 1, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஹரோவிலிருந்து ரயில் நின்று நின்று போனது. குடையைக் காணவில்லை. அண்ணையின் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள் போல.

இன்று முழுக்கப் பக்கம் கட்டும் வேலை. பத்திரிகை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். எட்டே பக்கம், மாதம் ஒன்று, ஆங்கிலம். உஸ்பெகிஸ்தானில் யாரைப் பிடித்தார்கள், எந்தப் பத்திரிகையை மூடினார்கள், இதுதான் செய்தி. அண்ணைக்கு இன்னும் விளங்கவில்லை. "உனக்கும் அந்த நாட்டுக்கும் என்னடி சம்பந்தம்?" என்கிறார். ஒரு சம்பந்தமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ப்ரூஃப் பார்த்தவள், இங்கே அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறேன். அவ்வளவுதான்.

யூஸ்டன் பக்கம், சலவைக் கடைக்கு மேல் மாடி. மூன்று பேர். ஆசிரியர் மார்கரெட், எழுதுகிற ருஸ்தாம், நான். ருஸ்தாம் தாஷ்கெண்டில் நிருபராக இருந்தவர். எழுதியதற்காகத் தேடினார்கள், தப்பி வந்துவிட்டார். மனைவி நிகோரா அங்கே பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்கிறார். அந்த நாட்டை விட்டு வெளியே வரவும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டுமாம். கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுக்கிறார்களில்லை.

ருஸ்தாம் என்னை 'ஓபா' என்பார். அவர்கள் மொழியில் அக்கா. நான் அவரைவிட மூத்தவள், முறைப்படி சரிதான். சரியாக இருப்பதுதான் கஷ்டம்.

வாங்க: இஞ்சி, கொத்தமல்லி, மச்சாளுக்குத் தலையிடி மருந்து. புதுக் குடை.

3, வியாழன்

வெயில் மாதிரி ஒன்று. பத்து மணிக்கே போய்விட்டது.

முதல் பக்கச் செய்தி வந்துவிட்டது. தாஷ்கெண்டில் ஒரு பத்திரிகை ஆசிரியரை வீட்டில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அவர் வீடும் நிகோராவின் வீடும் ஒரே முற்றம். பார்த்த மூன்று பேர் பெயரோடு சொன்னதை ருஸ்தாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறார். நடுவில் நிகோரா. "அவரைச் செருப்புப் போடக்கூட விடவில்லை, பனியில் காலுறையோடு இறக்கிக் கொண்டுபோனார்கள்" என்கிறார். மற்ற இருவரும் சொன்னதைவிட இந்த ஒரு வரிதான் செய்தி. யார் எழுதினாலும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் ரு. தேநீர் ஊற்றித் தந்தார். எப்போதும் போல அடியில் கொஞ்சம். வேலைக்கு வந்த புதிதில் இந்த மனிதர் இவ்வளவு கஞ்சனா என்று நினைத்தேன். அவர்கள் வழக்கம் அப்படி. கொஞ்சமாக ஊற்றினால், முடிந்ததும் நீட்டுங்கள், திரும்ப ஊற்றுகிறேன், இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுப் புறப்படு.

இன்று ஐந்து தரம் நீட்டினேன். வெட்கம் கெட்டவள்.

4, வெள்ளி

ரு. வரவில்லை. வெள்ளிக்கிழமையில் அவருக்குப் பெட்ரோல் ஷெட்டில் வேலை. எங்கள் சனம் முழுக்கச் செய்கிற வேலைதான், அண்ணையின் சிநேகிதர் மூலம் நான் எடுத்துக் கொடுத்தது.

மூன்று மணிக்கு அங்கிருந்து போன். பின்னால் யாரோ சிகரெட் கேட்கிற சத்தம். "ஓபா, நிகோராவின் பத்தியை எடுத்துவிடுங்கள். அனுமதி கேட்ட விஷயத்தை இப்போது மேலிடத்தில் பார்க்கிறார்களாம். இந்த மாதம் அவள் பெயர் எங்கேயும் வரக்கூடாது."

எடுத்தேன். அச்சகத்துப் பையன் கீழே நின்றான். பத்தி இருந்த இடம் வெள்ளையாக நின்றது. அப்படியே விட்டு அனுப்பினேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பத்திரிகையில் அதுதான் வழக்கம். தணிக்கைக்காரன் வெட்டினால் அந்த இடத்தை மூட மாட்டோம். வெள்ளையாகவே அச்சடிப்போம். சனம் பத்திரிகையை விரித்ததும் முதலில் வெள்ளையைத்தான் பார்க்கும். என்ன வெட்டியிருப்பான் என்று சந்திக்குச் சந்தி கதைக்கும். அது எங்களுக்கு ஒரு பெருமை.

மார்கரெட் பார்த்துவிட்டு, "அருமை, இதுவே ஒரு செய்தி" என்றார்.

6, ஞாயிறு

தலைக்குக் குளித்தது, உடுப்புத் தோய்த்தது. மச்சாள் புட்டு அவித்தா. வேறொன்றும் இல்லை. நாளை திங்கள் என்ற சந்தோஷம் இந்த வயதில் வேறு யாருக்காவது இருக்குமா தெரியவில்லை.

8, செவ்வாய்

நல்ல குளிர். கை விறைத்தது.

இதழ் அச்சாகி வந்தது. நேற்றே கொஞ்சம் போய்விட்டதாம். மார்கரெட்டுக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் மொஸ்கோ வழியாகத் தாஷ்கெண்ட் போகிறார், பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

ரு. முதல் பக்கத்தை விரித்தார். கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"ஓபா, எங்கள் நாட்டில் வெள்ளை இடமே கிடையாது. பக்கம் முழுதாக நிரம்பினால்தான் தணிக்கை அதிகாரி முத்திரை குத்துவார். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் பருத்தி விளைச்சலோ வானிலையோ போட்டுவிடுவோம். வெள்ளை இருந்தால் இங்கே ஒரு ஆள் இருந்தார் என்று அர்த்தம். யார் என்று தேடுவார்கள்."

"இழுத்து மூடியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை" என்றேன்.

"தெரியும். உங்கள் வழக்கம் வேறு."

அந்த முற்றத்தில் இருப்பதே நாலைந்து வீடு. கண்டுபிடிக்க எவ்வளவு நேரம். மாணவரின் வீட்டுக்குப் போன் எடுத்தோம். விடியவே பறந்துவிட்டாராம்.

மத்தியானம் தேநீர் ஊற்றினார். யோசனையில் ஊற்றினாரா, வேண்டுமென்றே ஊற்றினாரா, தெரியாது. கோப்பை விளிம்பு வரை நிரம்பியது. குடித்து முடித்தேன். நீட்டவில்லை.

9, புதன்

மழை.

பத்தியை இழுத்து மூடுவது பெரிய வேலை இல்லை. கம்ப்யூட்டரில் எத்தனையோ தரம் செய்திருக்கிறேன். பின்னே ஏன் செய்யவில்லை? பழக்கம் என்று அவரிடம் சொன்னேன். உண்மையாகவே பழக்கம்தானா? நிகோரா வரக்கூடாது என்று என் மனம் எங்கேயாவது நினைத்ததா? நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு எங்கள் பெடியள். ஒருவன்: "அவள் வாறன் எண்டு சொன்னவளோ?" மற்றவன்: "வாறன் எண்டுதான் சொன்னவள். எப்ப எண்டு சொல்லேல்ல."

12, சனி

தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வர, வீட்டு வாசலில் மச்சாள் பிடித்துக்கொண்டா.

"பார்க்கிங் எண்ட ஊரில ஒரு ஆள், மச்சாள். மனிசி செத்து மூண்டு வருசம். சொந்தக் கடை. நல்ல மனிசன். ஒருக்காப் பாருங்கோவன்."

"எனக்கு உதெல்லாம் வேண்டாம்."

"ஏன், ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு ஒவ்வொரு திங்களும் சீலை மடிப்புப் பாத்துப் பாத்துக் கட்டுறியள்?"

செருப்பைக் கழற்றி உள்ளே போனேன். மச்சாளும் விட்டுவிட்டா. நல்ல மனுஷி. வாயைத் திறந்தால்தான் பயம்.

வீட்டில் இருக்கவே முடியவில்லை. ரு.வின் இருமல் எப்படி இருக்கிறதோ. கொத்தமல்லி அவித்துக் கொடுத்ததில் போன கிழமை குறைந்திருந்தது. இப்போது கொடுக்கலாமா, வாங்குவாரா. இதையெல்லாம் நினைக்க எனக்கு உரிமை இல்லை. நினைக்கிறேன்.

16, புதன்

ஒரு செய்தியும் இல்லை. நிகோராவிடமிருந்து போன் இல்லை. ரு. மணி அடிக்கும்போதெல்லாம் எழுகிறார். மின்சார பில்காரன், அச்சகம், தவறான நம்பர். ஒவ்வொரு தரமும் உட்காரும்போது கொஞ்சம் வயது கூடுகிறது.

அவர் இப்படி ஒருத்திக்காகக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது. இதைவிட எழுதத் தெரியவில்லை.

22, செவ்வாய்

பனி கொட்டி, உடனே கரைந்தது. தெரு முழுக்கச் சேறு.

ரு. தபால் நிலையத்துக்குப் போயிருந்தார். மார்கரெட் ஒரு கூட்டத்துக்கு. போன் அடித்தது. தூரத்து இரைச்சல். ஒரு பெண் குரல், நல்ல ஆங்கிலம்.

"நீங்கள் ஓபாவா?"

நிகோரா.

அவர் வெளியே போயிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "வேண்டாம். உங்களிடம் சொல்வதுதான் சுகம்" என்றார். அங்கே ஒரு தபால் நிலையத்திலிருந்து பேசுகிறாராம். யாரும் கேட்க மாட்டார்களா என்றேன். கேட்கட்டும், இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்றார்.

நிகோராவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேசையில் எங்கள் இதழ். மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள், நடுவில் யார் என்று கேள்வி. அடுத்த வீட்டில் தனியாக இருக்கிற ஒரு கிழவர் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம். அவரைக் கொண்டுபோவதற்கு வண்டியும் சொல்லியாகிவிட்டதாம்.

"நடுவில் இருந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்."

"அனுமதி?"

"இல்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள். வேலையும் போய்விட்டது. வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள், எத்தனை நாளுக்கோ. அடுத்த இதழில் என் பெயரைப் போடுங்கள். வெளியே பெயர் தெரிந்த ஆளைத் தொடக் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர் பயத்தில் போட மாட்டார். நீங்கள் போட வேண்டும்."

"போடுகிறேன். அந்த இடத்தை வெள்ளையாக விட்டது நான்" என்றேன்.

இரைச்சல் கூடிக் குறைந்தது. பிறகு, "அவருடைய இருமல் எப்படி?"

"குறைந்துவிட்டது."

எதைக் கொடுத்துக் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்தது.

அனுமதி இல்லை என்று கேட்டபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. ஒரு கணம்தான். எழுந்தது எழுந்ததுதான். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மாடிப்படியில் அவர் காலடி கேட்டது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. கதவடியிலேயே, குடையை மடக்க முன்னமே, எல்லாவற்றையும் சொன்னேன். கிழவரைப் பற்றிச் சொன்னபோது இடையில் மறித்தார்.

"அவளே சொன்னாளா? அவர்கள் கண்டுபிடிக்கவில்லையா?"

"அவராகவே சொன்னார்."

சுவரோடு சாய்ந்து நின்றார். சிரித்தார், அழுதார், எது முதலில் என்று தெரியவில்லை. "அவள் அப்படித்தான்" என்றார். திரும்பத் திரும்ப அதையே. "அவள் அப்படித்தான், ஓபா."

என்னைப் பற்றி அந்தக் குரலில் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

23, புதன்

தெளிந்த வானம், ஊசிக் குளிர்.

மார்கரெட், நிகோராவின் பெயரைப் போடலாமா என்று ரு.வைக் கேட்டார். அவர் காலையிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்றுதான் நின்றார். நான் விடவில்லை. "நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது உங்கள் மனைவியின் பெயர், உங்கள் பயத்தின் பெயர் இல்லை" என்றேன். இவ்வளவு கடுமையாக அவரிடம் நான் பேசியதே இல்லை. வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

"சரி. போடுங்கள்."

அடுத்த இதழின் முதல் பக்கத்தைத் திறந்து, எடுத்த பத்தியைத் திரும்ப அடித்தேன். செருப்பு, பனி, காலுறை, எல்லாம் அதனதன் இடத்தில். பெயர் மட்டும் மிச்சம். ரு. என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். ஆங்கிலத்தில் பலரும் பிழையாகப் போட்டுவிடுவார்கள், நானே சொல்கிறேன் என்றார். கொஞ்சம் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கோட்டில் நேற்றைய ஈரமும் சிகரெட்டும் மணந்தன.

அந்தப் பெயரின் எழுத்தெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும். தெரியாதவள் போல ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தேன்.