தைக்காமல் வைத்த பக்கம்

என்னங்க,

சாப்பாடு அடுப்படியில் மூடி இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர்க்காரர் பத்து மணிக்கு வருவார். மாடிச் சாவி செருப்பு அலமாரியின் மேல்தட்டில்.

மேஜையில் இருக்கும் தாள்மேல் மறுபடியும் டீ கிளாஸை வைத்துவிடாதீர்கள். பைண்டிங்குக்கு வந்த பழைய புத்தகத்தின் பக்கம் அது. தைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இருபது வருஷ வேலையில் இதுதான் என் முதல் திருட்டு. நாளைக்குள் தைத்தாக வேண்டும், அதற்குள் ஒரு தடவை படியுங்கள். எழுதியவர் அந்தக் காலத்து வன அதிகாரி. வெட்ட வேண்டிய மரங்களை எண்ணப் போனவர், மனசு வராமல் அவற்றுக்கே காவலாக நின்றுவிட்டாராம். 'மரத்தடியில் எதையும் வேண்டாதே. கூடவே நில், அதுவே பிரார்த்தனை' என்கிறார்.

அதனால்தான் தினமும் விடியலில் ஒரு மரத்தடிக்குப் போகிறேன். நேற்று, "என்ன, மரம் பதில் சொல்லிச்சா?" என்று சிரித்தீர்கள். சொல்லவில்லை. இந்த வீட்டிலும்தான் நான் பேசினால் பதில் வருவதில்லை. அங்கே அது வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

பி.கு: மாத்திரையை மறக்காதீர்கள்.

இன்னொன்று: பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மரம்தான். அடிமரம் ரொம்பப் பெரிது. நான் எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாய்ந்து நிற்கிறேன், மறுபக்கம் காலி.