தோஹாவில் ஒரு நோன்புக் கஞ்சி

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் அல்ஹம்துலில்லாஹ் சுகம்.

போன கிழமை வேலையில் சின்னத் தலைச்சுற்று, பயப்பட ஒன்றுமில்லை. வெறும் பிளேன்டீயோடு போனதால்தான். காலையில் புரதம் வேண்டும் என்றார் நர்ஸ். வீடியோவில் பார்த்தபடி ஓட்ஸில் பால் ஊற்றிக் காய்ச்சினேன், பசையாகிவிட்டது. அறையில் கூட இருப்பவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். விடுவேனா? மறுநாள் ஓட்ஸில் நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி போல உள்ளி, வெந்தயம், பருப்பு, கோழி, தேங்காய்ப்பால் சேர்த்தேன். சிரித்த நேபாளக்காரன்தான் சட்டியை விரலால் வழித்தான்! "ஓட்ஸ் நோயாளிட சாப்பாடு" என்பீர்களே, இப்போது கோப்பையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பி வரும் என் அறைக் கூட்டாளி அஸ்கியிடம் கஞ்சி வாசத்துக்கு ரம்பை இலை கொடுத்தனுப்புங்கள். அப்படியே, "வாங்க மகன், கஞ்சி ஆறுது" என்று வொய்ஸ் மெசேஜ் ஒன்றும் போடுங்கள். எல்லாரையும் நான்தான் சாப்பிடக் கூப்பிடுகிறேன். என்னைக் கூப்பிடத்தான் ஆளில்லை.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது உம்மா.

ஸஜாத்