மூன்று விலா எலும்பு

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே.

போன வாரம் நாற்சந்தியில் ஒரு ரொட்டி வேன் என் கார் கதவில் வந்து மோதியது. வலது கையில் கட்டு; விலா எலும்பில் மூன்றுதான் முறிந்தது. சிரித்தால்தான் வலிக்கிறது, இங்கே சிரிக்கவைக்க ஆளில்லை. முன்பக்கம் பித்தான் வைத்த சட்டை இரண்டு அனுப்பு, கையைத் தூக்கி மாட்ட முடியவில்லை.

வேன்காரர் தினமும் வந்து, “சிக்னலப் பாக்கலண்ணே” என்று கலங்குகிறார். உன் வாய் எனக்குத் தெரியும். அவரைத் திட்டி எழுதாதே. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவர்தான். என் கண்ணாடி உடைந்ததால் உன் பதிலைப் படித்துக் காட்டப்போவதும் அவர்தான். நர்ஸ் வந்துவிட்டார்.

உன் மகன்

அம்மா, நான் வேன்காரன். மூன்றல்ல, ஆறு எலும்பு. மறைக்க மனசு வரவில்லை. திட்டியே எழுதுங்கள்; ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டுகிறேன்.