ஒரு மாத்திரையும் விடாத தம்பிக்கு

என் தடியா, தம்பி முரளி,

உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். தில்லியில் பிறந்த துரைக்கு அவ்வளவுதான். இருந்தாலும் தமிழில்தான் எழுதுவேன். மெல்ல வாசி. அங்கே உனக்கு அப்படி என்ன அவசர வேலை?

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பொய் சொல்லவில்லை என்று நிரூபித்துவிட்டேன்.

நீ போன நாளிலிருந்து உன் பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். காசநோய்க்காரன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் ஊர் சுற்றினான், கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விட்டது, போய்ச் சேர்ந்தான். டாக்டர் சொன்னார். சித்தப்பா சொன்னார். கோல் மார்க்கெட்டில் நம் குவார்ட்டர்ஸின் மேல்வீட்டுக்காரர்கள் வரைக்கும் சொன்னார்கள். நீ பரீட்சைக்கு முதல்நாள் கிரிக்கெட் ஆடப் போனவன். உன்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதா? அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும். நீ தண்ணீர் ஊற்றாமல் வந்துவிடுவாய், நான் கத்துவேன். "அக்கா, தேக்கோ, ஹோலி இந்த வருஷம் ஜல்தி வந்துட்டு" என்று சிரிப்பாய். ஒரு நாள் கூட அந்த நிறம் மாறியதில்லை. இதை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். உன் சீட்டில் 'மருந்தைப் பாதியில் விட்டவர்' என்று எழுதினார். அதே மாத்திரைகளோடு ஓர் ஊசியைச் சேர்த்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். உன் இடுப்பில் குத்த இடமில்லாமல் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.

இப்போது ஏன் இதைக் கிளறுகிறாள் என்கிறாயா? அம்மாவுக்கு இருமல், முரளி. சளியைச் சோதித்தார்கள், அதேதான். புது நோயாளிதானே, வழக்கமான மாத்திரையே போதும் என்றார் அதே டாக்டர். அம்மா உன் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் எச்சிலைத் துடைத்தவள். உன் கிருமிதான் அவளுக்குள் போயிருக்கும் என்றால், உன்னைக் காப்பாற்றாத மாத்திரை அவளை மட்டும் எப்படிக் காப்பாற்றும்?

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எந்திரம் இப்போது இருக்கிறது. நீ படுத்த சமயத்தில் அது இல்லை. கிருமியை வளர்த்து, மருந்தைக் கொடுத்து, அடங்குகிறதா என்று பார்த்தால் மாதக்கணக்கில் ஆகும். மருந்து போய்ப் பிடிக்கிற இடத்துக்கான மரபணுவை மட்டும் படித்தால் சில நாளில் தெரிந்துவிடும். அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், அந்த மருந்தைக் கொடுப்பதும் பச்சைத் தண்ணீரைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

உன் கிருமிகள் எங்கள் உறைபெட்டியில் இருந்தன. நீ படுத்த சமயத்தில் ஓர் ஆய்வுக்காக நோயாளிகளின் சளியை வாங்கி வளர்த்து வைத்திருந்தார்கள். கடைசியாக எடுத்ததைப் படித்துவிடலாம் என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் கபூர் மேடம். அதுதான் பழக்கம். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"கடைசியில எழுத்து மாறியிருந்தா, மருந்தை விட்டதாலதான் மாறிச்சுன்னு சொல்லிடுவாங்க மேடம். முதல்ல எடுத்ததைப் படிங்க. அவன் முதல் மாத்திரையை வாயில போடறதுக்கு முன்னால துப்பினது."

மேடம் உறைபெட்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். "அச்சா, அதையே எடு" என்றார்.

அந்த எழுத்து முதலிலேயே மாறியிருந்தது, தம்பி. யாரோ ஒருவரிடம் மருந்துக்கு முரண்டு பிடிக்கப் பழகிய கிருமி பஸ்ஸிலோ புசா ரோடு டீக்கடையிலோ உன் மார்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீ விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் வீண். அம்மாவின் கிருமியையும் படித்தோம். அதே இடம், அதே எழுத்து. எந்திரத்தின் முன்னால் நின்று அழுதேன். ஒழுங்காகச் சாப்பிட்ட பிள்ளையைச் சாகவும் விட்டு, செத்த பிறகு பழியும் சுமக்க வைத்தார்களே, அதை யாரிடம் போய்க் கேட்பது?

அம்மாவும் அந்தப் பழியை நம்பினாள், உனக்குத் தெரியுமா? உன் படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம், "ஏல, ஒழுங்கா மாத்திரையத் தின்னுருந்தா இப்பம் இருந்திருப்பல்லா" என்று சண்டை பிடிப்பாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் எங்கள் முடிவைப் படித்தார், வேறு மருந்து தருகிறேன் என்றார். பிறகு பழக்க தோஷம், "உங்க பையன் மாதிரி பாதியில விட்டுடாதீங்க மாதாஜி" என்று இந்தியில் சொல்லிவைத்தார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷம் பேசிய இந்தியெல்லாம் எங்கே போனதோ, தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"எம் புள்ள ஒரு வேளை கூட விடல. நீங்க குடுத்த மருந்துதான் அவனுக்குக் கேக்கல. மொதல்ல அவன் சீட்டுல எழுதி வச்சிருக்கத அடிங்க. பொறவு எனக்கு மருந்து எழுதுங்க."

நான் அதை இந்தியில் சொன்னேன். ஒரு சொல்லைக் கூட மென்மையாக்கவில்லை. அறையில் இருந்த மற்ற நோயாளிகள் எங்களையே பார்த்தார்கள். டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திறந்து, நான் நீட்டிய உன் சீட்டில் அந்த வரியை அடித்தார்.

புது மருந்து பொல்லாதது. அம்மாவுக்குக் குமட்டுகிறது, காதுக்குள் இரைகிறது, என்னைத் திட்டுகிறாள். வருஷக்கணக்கில் நீளும் என்கிறார்கள். நீளட்டும். போன வாரம் அவளாகவே மார்க்கெட் வரை நடந்துபோய்க் கத்தரிக்காய்க்காரனோடு விலைக்கு மல்லுக்கட்டிவிட்டு வந்தாள்.

நீ அங்கே தனியாக இருப்பாய். அம்மா பக்கத்தில் வந்துவிட்டால் உனக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த முறை அந்தக் கிருமியை எனக்கு அடையாளம் தெரியும். அம்மாவை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை முரளி, உனக்குக்கூட. சத்தியம்.

உன் தலையில் குட்ட உரிமையுள்ள ஒரே அக்கா,
செல்வி