ஒரே செல் நம்பர்

புதன், இரவு.

திண்டிவனம் டாக்டர் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார். எனக்கும் மாசமாக இருக்கும் மகள் கவிதாவுக்கும் ஒரே செல் நம்பரைக் கொடுத்தேன். அதில் குழம்பி, ரெண்டு பேர் சீட்டிலும் மருந்து மாறி அச்சாகிவிட்டது. முன்பு அவர் கோழிக் கிறுக்கலைப் பார்த்து மெடிக்கல்காரரிடம் ரெண்டு தரம் கேட்பேன். அச்செழுத்தாயிற்றே என்று இந்தத் தரம் கேட்கவில்லை. அவளுடைய சத்து மாத்திரையை நான் விழுங்கிக்கொண்டிருந்ததை இன்று என் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"முழுங்கிக்கினே இருங்க. அப்பனுக்கும் பொண்ணுக்கும் சேத்தே வளைகாப்பு வெச்சுடறேன்."

எல்லாரும் சிரித்தோம். பிறகுதான் என் சர்க்கரை மாத்திரை கவிதாவிடம் இருப்பது உறைத்தது.

"வாந்தியா வருதுன்னு இன்னும் பிரிக்கவே இல்லப்பா."

மாத்திரை போடச் சோம்பேறித்தனம் என்று நேற்றுதான் அவளைத் திட்டினேன். இப்போது தூங்குகிறாள். அட்டை பிரிக்காமல்தான் இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.