பதினோரு மணிக்குள் கரை

மே 4, ஞாயிறு

முனைக்கு அப்பால் இரண்டு லிங்காட் மீன். ஒன்று அளவுக்குக் குறைச்சல், விட்டுவிட்டேன். காற்று கிளம்புவதற்கு முன் என் ஒற்றையாள் கயாக் படகைக் கரையேற்றிவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து, குளிரில் விறைத்த விரலோடு கொரினுக்கு அனுப்பினேன்: "வந்துட்டேன்." பதில்: "ம்."

விவாகரத்தில் எல்லாவற்றையும் பிரித்தோம். வீடு எனக்கு, நாய் அவளுக்கு. இதைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறக்கவில்லை. தனியாகக் கயாக்கில் கடலுக்குப் போகிறவன் கரையில் யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன். பதினோரு மணிக்குள் தகவல் வராவிட்டால் அவர் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒருவர் கொரின்தான். என் போனில் அவள் எண்ணுக்கு "கரை" என்றுதான் பெயர். அவள் மலைக்கு அந்தப் பக்கம் யூஜின் நகரத்துக்குக் குடிபோன பிறகும் அப்படியே இருக்கிறது.

மே 18

"போறேன்." "ம்." "வந்துட்டேன்." "ம்." இந்த வாரம் நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

ஜூன் 8

அலை மோசம். தூண்டில் கடை எம்மெட் வாசலுக்கே வந்து திட்டினான். "இந்த அலையில பைத்தியக்காரன்தான்டா கயாக்க எறக்குவான். அப்படி என்ன மீனு உனக்கு?"

மீனுக்கு இல்லை. மீன் எனக்கு எப்போதோ சலித்துவிட்டது. கடலுக்குப் போகாவிட்டால் "ம்" கிடையாது. அதனால்தான் போனேன். ஐம்பத்துமூன்று வயதில், ஓர் எழுத்துக்காக.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் தெளிவாகத்தான் இருந்தது. முனையைச் சுற்றிக் கறுப்புப் பாறைமீன் நன்றாகக் கடித்தது. நிமிர்ந்து பார்த்தால் கரையைக் காணோம். ஒரே பனிமூட்டம். திசைகாட்டி இருக்கிறது, வழி தெரியும். ஆனால் அலை எங்கே உடைகிறது என்று பார்க்காமல் கரையேறினால் பாறையில்தான் போய் முடியும். அங்கே போன் எடுக்காது. அவசரத்துக்குக் கரையோடு பேசும் ரேடியோவைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து வந்திருந்தேன். நீளமான கடற்பாசிக் கொடி ஒன்றை இழுத்து மடிமேல் சுற்றிக்கொண்டேன். அது கயாக்கை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது. காத்திருந்தேன்.

பதினொன்று தாண்டியது. எனக்கு என்னைப் பற்றிப் பயம் இல்லை. ஐயோ, அவ துடிச்சுப் போயிருப்பாளே. இந்நேரம் காவல்படைக்குச் சொல்லியிருப்பா, கார எடுத்திருப்பா, அந்த மலைப் பாதையில வேகமா வருவாளே — இதேதான் திரும்பத் திரும்ப. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. படகுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கடல்நாய் மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

மூன்று மணிக்குமேல் பனி விலகியது. கரையில் காவல்படை வண்டி நிற்கும், அவள் நீலக் கார் நிற்கும் என்று நினைத்துத் துடுப்புப் போட்டேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒரு பெண் தன் நாயோடு நடந்துகொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. போனில் ஒரு அழைப்புகூட இல்லை.

"வந்துட்டேன்" என்று அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஜூலை 14

நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"டெல், இப்பதான் போனப் பாத்தேன். ஹாலிஸ் கூடத் தோட்டத்துல தக்காளிக்குக் கம்பு நட்டுட்டிருந்தேன்."

ஹாலிஸ் யார் என்று நான் கேட்கவில்லை. "பரவால்ல, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றேன்.

"ஆகலதான். ஆனா நான் மறந்துட்டேன். நீ கடல்ல இருக்கேங்கிறதே எனக்கு ஞாபகம் வரல, டெல். இத்தன வருஷத்துல ஒரு நாள் மறந்திருப்பேனா? திட்டு. என்னத் திட்டிடு."

எதுக்குத் திட்ட? என்மேல இருக்கிற வெறுப்புல கண்டுக்காம விட்டிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். மறந்துட்டா. அவளுக்கு எல்லாம் ஆறிடுச்சு. எனக்குத்தான் ஆறல.

கடைசியில் சொன்னாள்: "இனிமே வேற யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போ. என்னால முடியாது. யாருன்னு பேரச் சொல்லு. அப்பதான் போன வைப்பேன்."

"எம்மெட்" என்றேன். எம்மெட்டிடம் நான் இதைக் கேட்டதே இல்லை. வாயில் வந்த பெயர்.

ஜூலை 27

போகவில்லை.

ஆகஸ்ட் 3

யாரிடமும் சொல்லாமல் போனேன். திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்து "வந்துட்டேன்" என்று அடித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அனுப்ப ஆள் இல்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

ஆகஸ்ட் 16

தூண்டில் வாங்கப் போனேன். கடையில் இருந்தவர்கள் போகும்வரை எம்மெட் காத்திருந்தான். அப்புறம் பிடித்துக்கொண்டான்.

"டேய், உன் பொண்டாட்டி போன் பண்ணா."

"இப்ப பொண்டாட்டி இல்ல."

"சரி, கொரின் பண்ணா. 'டெல் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான போறான்'னா. நான் என்னத்தக் கண்டேன்? 'ஆமாம்மா, ஒவ்வொரு தடவையும்'னு சொல்லி வெச்சேன். என்னையும் பொய்யனாக்கிட்டியேடா!"

"மன்னிச்சிரு."

"உன் மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்ண? நாளைக்குப் போறியா? எத்தன மணிக்குத் திரும்புவ? மொதல்ல அதச் சொல்லு."

சொன்னேன். பிறகு கேட்டேன்: "வேற என்ன சொன்னா?"

எம்மெட் கல்லாவைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான். "'பதினொன்னுன்னு சொன்னா பத்தரைக்கெல்லாம் வந்துடுவான். பத்தே முக்கால் ஆயிடுச்சுன்னா உங்களுக்கு உக்கார முடியாது, ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கோங்க'ன்னா. அவ்ளோதான்."

ஜன்னல் பக்கம். எனக்கு அது தெரியாது. ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடல் அமைதி. ஒரு லிங்காட். சீக்கிரமே கரையேறி எம்மெட்டுக்கு அனுப்பினேன்: "வந்துட்டேன்." உடனே நாலு வரி வந்தது. என்ன கிடைத்தது, எனக்குப் பங்கு உண்டா, போன தடவை கொடுத்தது முள்ளுதான்டா, இப்படி.

அப்புறம் போனைத் திறந்து "கரை"யை எம்மெட்டின் எண்ணுக்கு மாற்றினேன். அவள் எண்ணுக்கு வேறு பெயர் போட வேண்டுமே. கொரின் என்று அடித்தேன். நான் வைத்திருந்த எந்தப் போனிலும் இதற்கு முன் அவள் பெயரை அடித்ததில்லை. அடுத்த கட்டம் குடும்பப் பெயர் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கும் இருந்த என் குடும்பப் பெயரை அடிக்கப் போய்விட்டேன். கையை எடுத்துக்கொண்டேன்.